மேடு இல்லாத ஊரில் ஏத்தப் பாட்டு

இதை எழுதுகிறபோது என் நோட்டுக்கு அடியில் இருப்பது உடைந்த வத்தை ஒன்றின் பலகை. எங்கள் கரையில் சின்னப் படகை வத்தை என்போம். ஆணி இருந்த துளைகள் நான்கு, உப்பு அரித்த ஓரம், நடுவில் ஒரு ரூபாய்க் காசு உட்காருகிற அளவுக்கு ஒரு குழி. அந்தக் குழியில் விரலை வைத்தால் எனக்குப் பதினெட்டு வருஷம் தட்டுப்படும். ஒரு மூங்கில் கோலின் அடி ஒரே இடத்தில் சாயங்காலம் சாயங்காலமாக இடித்து விழுந்த குழி அது.

கோல் அக்காவுடையது. பலகை அக்காவின் வீட்டுக்காரர் கொடுத்தது. சுமந்தவன் நான்.

அக்கா மலைக்காரி. தேனிக்கு மேற்கே, பஸ் நின்றுபோகிற இடத்திலிருந்து இன்னும் ஏழு மடக்கு ஏறிப் போகிற ஊரில் பிறந்தவர். மலைப்பாதை ஒருமுறை திரும்பினால் அது ஒரு மடக்கு. அந்த ஊரில் நடக்கிறவர்கள் கையில் சலங்கை கட்டிய கோல் இருக்கும். பாறையில் ஊன்றினால் 'ணங்' என்று கேட்கும். அந்த 'ணங்'கைத் தாளமாக வைத்துக்கொண்டுதான் அவர்கள் பாட்டு, கதை, ஒப்பாரி, கேலி எல்லாம். அக்கா, அடிவாரச் சந்தைக்குக் கருவாட்டு மூட்டையோடு போன பாம்பன்காரர் ஒருவரைப் பார்த்து, பார்த்த மூன்றாவது சந்தையில் அவரோடு பஸ் ஏறி வந்துவிட்டார். அக்காவின் அம்மா மேலே நின்று, "இறங்கினவ இறங்கினதுதான்" என்றாராம். அதற்குப் பிறகு மலையிலிருந்து சொல்லும் இல்லை, ஆளும் இல்லை.

வந்த புதிதில் அக்கா கடற்கரை மணலில் கோலை ஊன்றியிருக்கிறார். அது ஒரு முழம் உள்ளே போனதே தவிரச் சத்தம் வரவில்லை.

"மச்சான், உங்க ஊரு மண்ணு ஊமை."

வீட்டுக்காரர் அதிகம் பேசுகிறவர் இல்லை. கரையில் ஓட்டையாகிக் கிடந்த வத்தையிலிருந்து ஒரு பலகையைப் பெயர்த்துக் கொண்டுவந்து மணலில் போட்டு, "இதுல குத்து" என்று சொல்லிவிட்டு வலைக்குப் போய்விட்டார். அக்கா குத்தினார். மரம் பேசியது. பக்கத்து வீட்டுக்காரிகள் அடுப்பை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். அக்காவின் தொழில் அப்படித்தான் தொடங்கியது என்று அவரே மைக்கில் பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நான் மைக் செட் ஆள். கடலாடியில் ஒரு கடையில் வேலை. எனக்குக் கல்யாணமாகி ஏழெட்டு மாதம் ஆகியிருந்தபோது உப்பூர்ப் பக்கம் ஒரு கோயில் கொடைக்குக் குழாய் கட்டப் போனேன். மேடையில் அக்கா உட்கார்ந்திருக்கிறார். ஆமா போடுகிற ஆள் வரவில்லை. கதைப்பாட்டில் ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, இன்னொருவர் "ஆமா" என்று தாங்கிப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் கதை அந்தரத்தில் தொங்கும். அக்காவுக்கு வழக்கமாக ஆமா போடுகிறவர் வீட்டுக்காரர்தான். அன்றைக்குக் காற்று மாறிப் படகு கரை திரும்பவில்லை.

"ஏலே மைக்கு, இங்கன வந்து உக்காரு. ஒண்ணும் கஷ்டமில்ல. நான் நிறுத்துற எடத்துலெல்லாம் ஆமான்னு சொல்லு. கல்யாணம் ஆயிருச்சுல்ல? பழகியிருப்பே."

உட்கார்ந்தேன்.

"மலை மேல மழை உண்டு."

"ஆமா."

"மழைக்குப் பின்னால மஞ்சு உண்டு."

"ஆமா."

"இதச் சொன்னா இந்த ஊரு சனமெல்லாம் என்னயப் பொய்க்காரிங்குது."

"ஆமா!"

கொடைக்கு வந்திருந்த ஊரே சிரித்தது. அக்கா கோலை நிறுத்தி, மெல்லத் தலையைத் திருப்பி, "நீயுமாலே?" என்றார். அந்தச் சிரிப்பு அடங்க அரை நாழி ஆயிற்று. அதன்பிறகு அந்தத் தப்பு நிகழ்ச்சியில் நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டது. பதினெட்டு வருஷம் ஊர் ஊராக அதே இடத்தில் வேண்டுமென்றே அந்தத் தப்பைச் செய்தேன். தெரியாமல் தப்புச் செய்த முதல் நாள் அழகு பிறகு ஒருநாளும் வரவில்லை.

வீட்டுக்காரருக்கு என்மேல் வருத்தமில்லை. "ஆமா போட நீ வந்துட்டே, எனக்குத் தொண்ட மிச்சம்" என்றார். அவருக்கு அக்கா பெயரே 'மலை'. "ஏ மலை, தண்ணி கொண்டா." "மலை எங்க போயிருக்கு?" கரையில் யாராவது கேட்டால், "மலை அசையாதும்பாங்க. எங்க வீட்டு மலை வாரத்துக்கு மூணு ஊரு போகுது" என்பார், வலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மூணு ஊர் போனோம், ஐந்து ஊர் போனோம். மாசி பங்குனியில் உள்நாட்டுக் கோயில்கள். ஆடி ஆவணியில் கடற்கரை மாதா கோயில் திருவிழாக்கள். பஸ்ஸில் பலகையை ஏற்ற எந்தக் கண்டக்டரும் சம்மதிக்க மாட்டான். "என்னண்ணே, வீட்டக் கழட்டிட்டா வாறீங்க?" அக்கா அதற்கு ஒரு பாட்டு எடுத்துவிடுவார், கண்டக்டர் விசில் ஊத மறந்து நிற்பான். சன்னலுக்கு வெளியே கருவேலமும் கண்மாயும் மாறி மாறி ஓடும். ஒரு பக்கம் வறண்ட கண்மாய், மறுபக்கம் வெள்ளை வெளேரென்று உப்பளம். எங்கு பார்த்தாலும் தரை தரையாகவே இருக்கும். அந்தச் சமதரையில் உட்கார்ந்து ஒரு பொம்பளை மலையைப் பாடிக்கொண்டு போனார். இப்போது நினைத்தால் அந்த பஸ்ஸின் டீசல் வாடை கூட எனக்குத் திரும்ப வேண்டும்போல் இருக்கிறது.

மலையைக் கேட்டவர்கள் அதைத் தங்கள் கையால் தடவிப் பார்த்துத்தான் ஏற்றுக்கொண்டார்கள். மஞ்சு என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது. "உலை கொதிக்கையில மூடியத் தெறந்தா மூஞ்சியில அடிக்குதுல்ல ஆவி, அதையே குளிரவச்சு ஊரு மேல கவுத்துனாப்புல" என்பார் அக்கா. தங்கச்சிமடத்தில் ஒரு மீன்காரர் எழுந்து நின்று கேட்டார்: "அப்பக் கண்ணு தெரியாதே. எப்பிடிக்கா கரை சேருவாங்க?" அக்கா சிரிக்கவில்லை. அடுத்த ஊரில் பாட்டுக்குள் அந்தக் கேள்வி இருந்தது: 'மஞ்சு மூடிப் போச்சுதுன்னா மலையிலயும் கரை வேணும்.' நான் ஆமா என்றேன். அந்த ஒன்றை மட்டும் மனசறிந்து சொன்னேன்.

கூட்டம் அதிகமாகக் கேட்டது உப்புக்கு இறங்கினவள் கதையைத்தான். மலையில் உப்பு தீர்ந்துபோன வருஷம் ஒருத்தி உப்பு வாங்கக் கீழே இறங்குகிறாள். வழியில் ஏழு மடக்கு. ஒவ்வொன்றுக்கும் அம்மி உருண்டது, ஒத்தப் பலா என்று ஒரு பெயர். ஒவ்வொன்றும் அவளை நிறுத்தி ஒரு கேள்வி கேட்கிறது. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டுக் கடைசியில், மலைக்கு முதுகு காட்டாமல் பின்னாலேயே நடந்துகொண்டு, ஒரே ஒரு சொல் சொல்கிறாள்:

"வாரேன்."

அக்கா அந்தச் சொல்லை இழுத்துக் கோலை உயர்த்தி அப்படியே நிறுத்துவார். மலையில் அந்த இடத்தில் யாரும் எழுந்திருக்க மாட்டார்களாம். கதை பாதிதான் முடிந்திருக்கும். எங்கள் பக்கம் அப்படியா? விடைபெறுகிறவர் சொல்லுகிற சொல் அல்லவா அது? அக்கா "வாரேன்" என்றதும் முன்வரிசைப் பெண்கள் ஒரே குரலில், "போயிட்டு வா தாயீ" என்பார்கள். என்றுவிட்டு எழுந்து, பாயை உதறி, பின்பக்கத்து மணலைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். முதல் தடவை அக்கா திகைத்துப் போனாராம். பிறகு அதுவும் பழகிவிட்டது. ஊர் முழுக்க எழுந்து நின்று ஒரு பெண்ணை வழியனுப்பிவைக்கிறதைப் பார்க்க அவருக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். அவரை யாரும் அப்படி அனுப்பிவைத்ததில்லை.

அபிராமம் சந்தையில் கடலை வறுக்கிற பெண் ஒருத்தி மட்டும் விடமாட்டாள். வருஷா வருஷம் கேட்பாள்.

"உப்பு வாங்கப் போனவ திரும்பி வந்தாளாக்கா, இல்லையா?"

"வருவா. அது ஏத்தப் பாட்டு."

"அதயும் பாடிற வேண்டியதுதான்."

பக்கத்தில் நின்ற வயல்காட்டுச் சம்சாரி ஒருவர், "ஏத்தப் பாட்டா? எங்க அய்யா கமலைக் கெணத்துல பாடுவாரு பாரு" என்று கிணற்றில் தண்ணீர் இறைக்கிற பாட்டைக் கையை ஆட்டி ஆட்டி ஆரம்பித்துவிட்டார். எங்கள் பக்கம் ஏத்தம் என்றால் கிணற்றுக்குத்தானே போகும் நினைப்பு? அக்கா அவரைப் பாடி முடிக்க விட்டுவிட்டுச் சொன்னார்:

"அது தண்ணி ஏறுறது பெரியவரே. இது ஆளு ஏறுறது."

அன்றைக்கு பஸ்ஸில் நான் கேட்டேன். ஏன் பாடுவதில்லை?

"ஏத்தப் பாட்ட உக்காந்துக்கிட்டுப் பாடக்கூடாதுலே. காலுக்குக் கீழ மேடு இருக்கணும். மேல நின்னு ஒரு ஆளு 'வாறியா'ன்னு கூப்பிடணும், அதுக்கு 'வாரேன்'னு பாடிக்கிட்டே ஏறணும். பாட்ட எடுத்துட்டா நடுவுல நிக்கவும் கூடாது. வீட்டு வாசப்படி வரைக்கும் போயிறணும்."

"ராமேஸ்வரத்துல மணல்மேடு இருக்கேக்கா. நான் மேல நின்னு கூப்பிடுறேன்."

"நீ ஆமா போடுறவன். ஏறிக்கிட்டு இருக்கறவளுக்கு ஆமா எதுக்கு? எங்க வீட்டு ஆளு கூப்பிடணும்."

வேறொரு நாள் கரையில் வீட்டுக்காரரிடம் இந்தப் பேச்சு வந்தது. அவர் வலைக்கண்ணை முடிந்துகொண்டே இருந்தார். எனக்குச் சொல்வதுபோல் இல்லாமல் சொன்னார்:

"ராத்திரி தூக்கத்துல அந்தப் பாட்ட முணுமுணுப்பா. நான் முழிச்சுக்கிருவேன். பாட்ட எடுத்துட்டா வீட்டுக்குப் போயிறணும்ல? அவ வீடு அங்கல்ல இருக்கு." முடிச்சைப் பல்லால் இறுக்கினார். "இங்கன ஒரு மேடுகூட இல்லாமப் படைச்சாரு பாரு ஆண்டவரு. அது எனக்காகத்தான்."

நான் ஆமா சொல்லவில்லை. அந்த மனிதரின் பயம் இவ்வளவு பெரிதென்று அதுவரை எனக்குத் தெரியாது.

பிறகு அக்காவின் முழங்கால் நின்றுபோனது. தரையில் சம்மணம் போட முடியாதவர் மேடையில் நாற்காலி போட்டுப் பாட மறுத்துவிட்டார். கோல் அவர் வீட்டு மூலைக்குப் போனது, பலகை என் வீட்டுக்கு வந்தது. மைக் செட் கடையை விட்டுவிட்டு நான் எங்கெங்கோ அலைந்தேன். ஒரு ஊரில் ஒரு வேலையில் கால் தரித்ததில்லை. எழுத ஆரம்பித்தேன். எழுத்திலும் யாரோ ஒருவர் அடி எடுத்துக் கொடுத்தால்தான் எனக்கு வரும். அந்தப் பழக்கம் போகவில்லை.

போன ஆடியில் அக்காவிடமிருந்து போன். "ஏலே மைக்கு, பலகைய எடுத்துக்கிட்டு வா. எங்க ஊருலேருந்து ஆளு வந்திருக்கு."

வந்திருந்தவர் அக்காவின் அண்ணன் மகன். நாற்பது தாண்டியவர், மலையில் ஜீப் ஓட்டுகிறார். தெருமுனையில் மண் அப்பிய ஜீப் நின்றது. அத்தையைப் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. எந்த ஊர்த் திருவிழாவிலோ யாரோ எடுத்த பழைய வீடியோ அவர் போனுக்கு வந்திருக்கிறது. "எங்க மடக்கு பேரெல்லாம் சொல்லி ஒருத்தி கடற்கரையில பாடுறா. யாருடா இதுன்னு பாத்தா, மூக்கு எங்க அய்யா மூக்கு" என்றார்.

அந்த அய்யா, அக்காவின் அண்ணன், அதற்கு முந்தின வருஷம் அடிவாரத்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அக்காவுக்கே செய்தி சந்தைக்குப் போன யாரோ சொல்லி ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது. கல்யாணமாகிப் போன பெண் முதல்தடவை வீடு திரும்பினாலும் ஏத்தப் பாட்டுதான். கீழே செத்தவரை மேலே தூக்கிப் போனாலும் அதேதான். மேலே இருக்கிற யாருக்கும் அது தெரியவில்லை. தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

"ஏழு மடக்கும் ஊமையாத் தூக்கிட்டுப் போனோம் அத்தை. செருப்புச் சத்தம் மட்டுந்தான். அது எனக்குக் காதுல நிக்குது. நீங்க வாங்க. ஜீப் இருக்கு. ஏறிக்கிட்டே பாடுங்க, நாங்க படிச்சுக்கிறோம். பெறகு அங்கேயே இருங்க. உங்க வீடுதான அது."

அக்கா மூலையில் சாத்தியிருந்த கோலைப் பார்த்தார். நான் வீட்டுக்காரரைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். அவர் எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம். திரும்பி வந்தபோது கையில் ஒரு மஞ்சப்பை. அதில் இரண்டு சேலை, ஒரு துண்டு, அக்காவின் பிரஷர் மாத்திரை அட்டை. அதைச் சிலுவைப் படத்துக்குக் கீழே இருந்த ஆணியில் மாட்டினார். மாட்டிவிட்டுக் கரைப்பக்கம் நடந்தார். அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க அந்தப் பை எங்கள் நாலு பேருக்கும் நடுவில் தொங்கியது.

மறுநாள் விடிந்ததும் அக்கா கோலை எடுத்தார். "ஜீப்புல எனக்கு வாந்தி வரும்லே. நம்ம ஊருலயே ஒரு ஏத்தம் இருக்கு. இத்தன வருஷம் அதுல பஸ்ஸுல போயிப் போயி ஏத்தம்னே தெரியாமப் போச்சு."

பாம்பன் பாலம். எத்தனை ஆயிரம் தடவை போயிருப்போம்? கடலுக்கு மேலே முதுகை வளைத்துக்கொண்டு கிடக்கிற அந்தப் பாலத்துக்கு இரண்டு பக்கமும் மேடுதானே.

அண்ணன் மகன் பாம்பன் பக்கத்திலிருந்து ஏறலாம் என்றார், வீட்டிலிருந்து கிட்டம். அக்கா கேட்கவில்லை. "மண்டபத்துப் பக்கத்துலேருந்துதான் ஏறணும்" என்றார். காரணம் சொல்லவில்லை. பஸ் பிடித்தோம். "பாலத்துக்கு அந்தாண்ட எறக்கி விடுப்பா, நடந்து திரும்பணும்" என்றதும் கண்டக்டர், "பாம்பன்காரங்களே பாலத்தப் பாக்க டிக்கெட் எடுத்தா நாடு வெளங்கும்" என்றான். வீட்டுக்காரர் எங்களோடு வரவில்லை. வாசலில் உட்கார்ந்து வலையை மடியில் போட்டிருந்தார். போகிறோம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அக்கா "வாரேன்" என்றுகூடச் சொல்லவில்லை.

பஸ்ஸில் அக்கா எங்களுக்கு மீதியைச் சொன்னார். ஆறு மடக்கு ஏறுகிறவள் பாட்டு. ஏழாவது மடக்கு வாசப்படி. அங்கே அவள் பாடக்கூடாது, வாயே திறக்கக்கூடாது. வீட்டில் இருக்கிறவர்கள் ஒரு சொல் சொல்ல வேண்டும். சொன்னால்தான் படி தாண்டலாம்.

"அது என்ன சொல்லு அத்தை?"

"எனக்கெப்பிடித் தெரியும்? சொல்றவங்களுக்குத்தான் தெரியும். நான் எறங்கி வந்தவ."

மண்டபத்துப் பக்கம் இறங்கினோம். நான் பலகையைத் தலையில் வைத்திருந்தேன், பழக்கதோஷம். அக்கா கோலைப் பாலத்தின் சிமெண்டில் ஊன்றினார்.

ணங்.

"பேசுதுலே," என்றார் என்னைப் பார்த்து. "பலகைய நீயே வச்சுக்க."

அண்ணன் மகன் போனில் பதிவை ஓடவிட்டு இருபதடி முன்னால் போய் நின்றார். விளக்குக் கம்பங்களை எண்ணி ஆறு மடக்காகப் பிரித்துக்கொண்டோம். கச்சான் அடித்துக்கொண்டிருந்தது, மேற்கிலிருந்து வருகிற காற்று. அது எங்கள் முதுகில் கையை வைத்துத் தள்ளியது. அவர் கூச்சத்தோடு கூப்பிட்டார்:

"அத்தை, வாறீங்களா?"

"மரியாதையெல்லாம் வேணாம். மலை மரியாதை பாக்குமா? வாறியான்னு கேளு."

"வாறியா?"

அக்கா கண்ணை மூடினார். எத்தனையோ வருஷமாகத் தூக்கத்தில் மட்டும் வெளியே வந்த குரல் பகலில் வந்தது.

"அம்மி உருண்ட எடத்துல
ஆளு உருளல, வாரேன்."

லாரிகள் ஹாரன் அடித்தன. பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த யாத்ரீகர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா நிற்கவில்லை. அடுத்த மடக்கு.

"வாறியா?"

"ஒத்தப் பலா பழுத்துருச்சா?
உச்சந்தல நரச்சிருச்சு, வாரேன்."

அந்தச் சொல் அதே சொல்தான். பதினெட்டு வருஷம் நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட "வாரேன்". கீழே இறங்கும்போது விடைபெறுகிற சொல்லாக இருந்தது, ஏறும்போது வந்துசேருகிற சொல்லாக இருந்தது. சொல்லில் ஒன்றும் மாறவில்லை, கால் மட்டும் திரும்பியிருந்தது.

மூன்றாவது, புலி தண்ணீர் குடிக்கிற மடக்கு, அது வந்தது. நாலாவது தேன் பாறை. "வாறியா?" என்று அண்ணன் மகன் கூப்பிட்டார். அக்காவின் உதடு அசைந்தது, சொல் வரவில்லை. நிற்கக்கூடாது. கோல் மட்டும் ணங், ணங் என்று போய்க்கொண்டிருந்தது. "வாறியா?" மறுபடி. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், முகம் வெளுத்துவிட்டது. மேலே உள்ள ஊருக்கே அந்தப் பாட்டு இருக்கிற இடம் இந்த ஒரு தலைதான். அந்தத் தலைக்குள் அது இல்லை. "வாறியா?" என்று மூன்றாம் தடவை அவர் கத்தியபோது, பதினெட்டு வருஷப் பழக்கத்தில், என்னை அறியாமல் என் வாய் சொன்னது:

"ஆமா!"

அக்கா தலையைத் திருப்பினார். அந்தப் பழைய 'நீயுமாலே' பார்வை. உதட்டோரத்தில் சிரிப்பு உடைந்தது, அதோடு அடியும் உடைந்து வெளியே வந்தது. பாடிவிட்டார். ஆனால் நான் செய்த காரியத்தின் வெட்கத்தில் அந்த அடி மட்டும் என் காதில் ஏறவில்லை. அன்று சாயங்காலம் அண்ணன் மகனும் நானும் எழுதிச் சேர்த்தபோது அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு மடக்குதான். கூப்பிடுகிற பதற்றத்தில் மற்றதெல்லாம் அவர் காதைத் தாண்டிப் போயிருந்தது. மற்ற ஐந்தும் என்னிடம் இருந்தன. அவர் போனில் இருந்தது முழுக்கக் காற்று.

ஐந்தாவது காத்து முக்கு. ஆறாவது கல்லுத் தொட்டி, பாலத்தின் உச்சி. இரண்டு பக்கமும் கடல், இடது கையில் கீழே ரயில் பாலம், எங்கள் காலுக்கு அடியில் வத்தைகள். ஏறிவந்தவள் தொட்டியில் கையலம்பி, வீட்டுக் கூரையைப் பார்க்கிறாள் என்று அக்கா பாடினார். பாடிவிட்டுக் கிழக்கே பார்த்தார். அங்கே தெரிந்தது பாம்பன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, ஏன் மண்டபத்துப் பக்கத்திலிருந்து ஏற வேண்டும் என்றாரென்று. அண்ணன் மகன் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் உறைத்துவிட்டது. போனைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

பிறகு இறக்கம். இறக்கத்தில் ஏத்தம் பாட முடியாது. ஆனால் பாட்டு முடியவில்லை. அதனால் அக்கா யாரோடும் பேசவில்லை. பாலத்தடி டீக்கடைக்காரர், "என்னக்கா, காலையிலயே நடையா?" என்றார்; பதில் இல்லை. "என்ன, கோவமா?" அதற்கும் இல்லை. ஐஸ் பெட்டியோடு சைக்கிளில் போனவன் இறங்கி நின்று கும்பிட்டான், தலையசைப்புகூட இல்லை. "மலைக்கு என்னாச்சு?" என்று அவன் என்னைக் கேட்டான். நான் வாயில் விரலை வைத்துக் காட்டினேன். வீடு நெருங்கியது. சொல்ல வேண்டிய ஒரு சொல் இருப்பதே அந்த மனிதருக்குத் தெரியாது. அவர் பேசாமல் இருந்துவிட்டால்? பேசாமல் இருப்பதுதானே அவர் குணம்?

வீட்டுக்காரர் அதே இடத்தில், அதே வலையோடு இருந்தார். அக்கா படிக்கு முன்னால் போய் நின்றார். கோலை ஊன்றினார்; மணல், சத்தமில்லை. வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அக்காவைப் பார்த்தார், பின்னால் நின்ற எங்களைப் பார்த்தார், தெருமுனையில் நின்ற ஜீப்பைப் பார்த்தார், மறுபடி அக்காவைப் பார்த்தார். வலையை மடியிலிருந்து கீழே வைத்தார்.

"வந்துட்டியா?" என்றார். பிறகு, "கஞ்சி ஆறுது."

அக்கா படி தாண்டினார்.

அண்ணன் மகன் கொஞ்சநேரம் வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே எட்டி, "அத்தை, அதுதானா அந்தச் சொல்லு?" என்றார்.

"எனக்கெப்பிடித் தெரியும்? செருப்பக் கழட்டிட்டு வந்து குடி."

இப்போது மலையில், கீழே போன ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஏறும்போது பாடுகிறார்களாம். ஏழாவது மடக்கில் அந்தந்த வீட்டு ஆட்கள் வாசலில் நின்று, எங்கள் கடற்கரை இழுப்போடு, "வந்துட்டியா, கஞ்சி ஆறுது" என்கிறார்களாம். அண்ணன் மகன் அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர், "நான் பேசினத இவங்க எதுக்குப் பாடுறாங்க?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை.

அன்றைக்கு நாலு பேரும் கஞ்சி குடித்தோம், சுட்ட கருவாட்டைத் தொட்டுக்கொண்டு. அக்கா முழங்காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். குடித்து முடித்துக் கும்பாவைத் தள்ளிவிட்டு மாத்திரையைத் தேடினார். வழக்கமாக வைக்கிற இடத்தில் இல்லை.

வீட்டுக்காரர் குனிந்த தலை நிமிராமல் சொன்னார்:

"அந்தப் பையிலதான் இருக்கு. எடுத்துப் போடு."